ரெண்டும் வலது பாதம்

— கயிறு! கயிறு! பாப்பா, இன்னும் ஒரு அங்குலம் உள்ளே போனே, விசில் அடிச்சிடுவேன்.

— நான் எங்க போனேன்? என் கால் ரெண்டும் வெளியேதான் இருக்கு, தலை மட்டும்தான் உள்ளே. போர்டுல 'கயிற்றைத் தாண்டாதீர்'னுதான் போட்டிருக்கு. தலையை நீட்டாதீர்னு போடலையே தாத்தா.

— தாத்தாவா? யாருக்குத் தாத்தா? எனக்கு இன்னும் முழுசா ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு.

— சரி, வாட்ச்மேன் அங்கிள்.

— காவலர். சட்டையில எழுதியிருக்குல்ல, 'காட்சிக்கூடக் காவலர்'னு. தம்பி! பெஞ்சுல படுத்திருக்கிற தம்பி! உங்களைத்தான். இது உங்க பொண்ணா?

— ஐயையோ, என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது? எனக்கு இன்னும் டிகிரியே முடியலைங்க. அண்ணன் பொண்ணு. அந்தா, எலும்புக்கூட்டு வாய்க்கு நேரா நின்னு பல்லை எண்ணிக்கிட்டிருக்கே, அந்தச் சின்னதும் அண்ணன் பொண்ணுதான். அண்ணனுக்கும் அண்ணிக்கும் இன்னிக்கு ஆஸ்பத்திரி டியூட்டி. ஞாயித்துக்கிழமையில வெட்டியா கிடக்கிற ஒரே ஆள்ங்கிற தகுதியில நான் வந்திருக்கேன்.

— அப்ப எந்திரிச்சு வந்து கொஞ்சம் பிடிச்சு வைங்க. பெரியவர்கிட்ட யாரும் நெருங்கக்கூடாது. சட்டம்னா சட்டம்.

— பெரியவரா? எங்க?

— இவர்தான். ஆறரைக் கோடி வயசு. பின்ன, 'டேய்'னா கூப்பிட முடியும்?

— நியாயம்தான். ஏய் வக்கீலம்மா, பெரியவரை விட்டுத் தள்ளி நில்லு.

— சித்தப்பா, நீங்க என் பக்கமா, அவர் பக்கமா?

— நான் கேன்டீன் பக்கம். என் தனிப்பட்ட கருத்து என்னன்னா, ஒரு எலும்புக்கூட்டைப் பார்க்க ஒரு மனுஷனுக்கு நாலு நிமிஷம் போதும். நாம வந்து ஒண்ணரை மணி நேரம் ஆச்சு.

— நாம பார்க்க வரலை. ஆதாரம் எடுக்க வந்திருக்கோம். அங்கிள், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லு.

— உங்க டைனோசருக்கு ரெண்டும் வலது பாதம்.

— பல்லை எண்ணினியா? அறுபது இருக்கும். ஒவ்வொண்ணும் உங்க சித்தப்பா உள்ளங்கை நீளம். போ, தங்கச்சியோட சேர்ந்து எண்ணு.

— பார்த்தீங்களா! நான் பாதத்தைப் பத்திக் கேட்டா நீங்க பல்லைப் பத்திச் சொல்றீங்க. எங்க மிஸ்ஸும் இப்படியேதான்.

— ஏழு, எட்டு, ஒம்போது, பதினொண்ணு... அக்கா, ஒம்போதுக்கு அப்புறம் என்ன?

— பத்து. மறுபடி முதல்லேருந்து எண்ணுடி. அங்கிள், இடது காலுக்குக் கீழே பாருங்களேன். ஒரே ஒரு தடவை.

— பாப்பா, இந்த நாற்காலியில நான் உட்கார்ந்து பதினேழு வருஷம் ஆச்சு. பெரிய பெரிய புரொபசருங்க எல்லாம் வந்து இவரைச் சுத்திச் சுத்திப் பார்த்திருக்காங்க. அளவு எடுத்திருக்காங்க, போட்டோ பிடிச்சிருக்காங்க. ஒருத்தரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

— அவங்கெல்லாம் செருப்பை மாத்திப் போட்டிருக்க மாட்டாங்க.

— என்னது?

— அதை நான் விளக்குறேன் சார். இவ ரெண்டாம் கிளாஸ் வரைக்கும் தினமும் செருப்பை இடம் வலம் மாத்தித்தான் போடுவா. அண்ணி வாசல்லயே நின்னு 'காலைப் பாரு, காலைப் பாரு'ன்னு கத்திக் கத்தி, இப்ப இவளுக்கு யாரைப் பார்த்தாலும் முதல்ல கால்தான் கண்ணுல படும். கல்யாண வீட்டுக்குப் போனா பொண்ணு மாப்பிள்ளை மூஞ்சியைப் பார்க்க மாட்டா. எங்க காலேஜ்லயும் முதல் வருஷப் பசங்க காலைத்தான் பார்ப்பாங்க, ஆனா அது சீனியருக்குப் பயந்து.

— சித்தப்பா, காமெடி பண்ணாதீங்க. நாளைக்குக் காலையில நீங்களா போய் எல்லார் முன்னாடியும் நிக்கப் போறீங்க?

— அதுவும் சரிதான். சார், விஷயம் இதுதான். போன வியாழக்கிழமை இவ ஸ்கூல்லேருந்து இங்க கூட்டிட்டு வந்திருக்காங்க. 'அருங்காட்சியகத்தில் நீ கண்ட ஐந்து செய்திகளை எழுது'ன்னு ஒரு பேப்பர். மத்த பிள்ளைங்க எல்லாம் 'டைனோசர் பெரியது, டைனோசருக்குப் பல் உண்டு, டைனோசர் இப்போது இல்லை'ன்னு எழுதி அஞ்சுக்கு அஞ்சு வாங்கிட்டாங்க. இவ ஒரே ஒரு செய்திதான் எழுதினா.

— ஒண்ணு இல்லை, ஒண்ணையே அஞ்சு விதமா எழுதினேன். படமும் போட்டேன்.

— ஆமா, படத்தோட. சைபர் வந்துச்சு. அதோட விட்டிருக்கலாம். இவ எந்திரிச்சு நின்னு, 'மிஸ், நீங்களும் வந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்'னு சொல்லியிருக்கா.

— உண்மைதானே! மிஸ் உள்ளேயே வரலை அங்கிள். வாசல்ல நின்னுக்கிட்டு, 'பல்லை எண்ணுங்க, எழுதுங்க, வெளியே வாங்க'ன்னாங்க. அவ்வளவுதான். எங்க மிஸ் வருஷா வருஷம் வியாழக்கிழமைதான் கூட்டிட்டு வருவாங்களாம், ஆனா உள்ளே மட்டும் வர மாட்டாங்களாம்.

— வியாழக்கிழமை எனக்கு வார விடுமுறை.

— தெரியும். அன்னிக்கு வேற அங்கிள் இருந்தார். அவர் தூங்கிட்டிருந்தார்.

— இருப்பான்.

— ஆக, தண்டனை என்னன்னா, நாளைக்குக் காலையில பிரேயர்ல எல்லார் முன்னாடியும் ஒரு மன்னிப்புக் கடிதம் படிக்கணும். 'நான் பொய் எழுதினேன்'னு. படிக்கலைன்னா அறிவியல் கண்காட்சியில பேர் கிடையாது. இவ ரெண்டு மாசமா உட்கார்ந்து தீக்குச்சியிலயே ஒரு டைனோசர் பண்ணி வெச்சிருக்கா. வீட்டுல அடுப்புப் பத்த வைக்கக் குச்சி கிடையாது.

— நானூத்திப் பன்னெண்டு குச்சி. அதுக்கு ஒரு இடது பாதம், ஒரு வலது பாதம். நான் சரியாப் பண்ணியிருக்கேன்.

— அண்ணியோட உத்தரவு, சாயங்காலத்துக்குள்ள இவளைக் கடிதம் எழுத வெச்சிடணும். எழுதுறேன், ஆனா ஒரு தடவை மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனாத்தான்னு ஒப்பந்தம். வந்தாச்சு. இப்ப எழுத மாட்டேங்கிறா.

— நான் 'பார்த்துட்டு முடிவு பண்றேன்'னுதான் சொன்னேன். பார்த்துட்டேன். முடிவு பண்ணிட்டேன்.

— வக்கீலம்மா, கடிதத்தைப் பத்தி உனக்குக் கவலையே வேண்டாம். மன்னிப்புக் கடிதத்துல உன் சித்தப்பாவை மிஞ்ச எங்க காலேஜ்ல ஆள் இல்லை. இதுவரைக்கும் பதினாலு கொடுத்திருக்கேன். பசங்க என்கிட்ட வந்து எழுதி வாங்கிட்டுப் போவாங்க. கேட்டுப் பாரு, பெஞ்சுல படுத்தபடியே ஒண்ணு தயார் பண்ணிட்டேன். 'மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு, நான்காம் வகுப்பு மாணவி பணிவுடன் எழுதிக்கொள்வது. கடந்த வியாழனன்று நான் கண்ணால் கண்டதைக் கண்டுவிட்டேன். இனி எதைப் பார்த்தாலும் தங்களிடம் கேட்டுக்கொண்ட பிறகே பார்ப்பேன் என்று உறுதி கூறுகிறேன்.' எப்படி?

— இதைப் படிச்சா எல்லாரும் சிரிப்பாங்க.

— சிரிக்கணும்னுதானே எழுதினேன்.

— எனக்கு யாரும் சிரிக்க வேண்டாம் சித்தப்பா. எனக்கு நான் சொன்னது சரின்னு இருக்கணும். அங்கிள், நீங்க ஒரு பேப்பர்ல 'ஆமா, ரெண்டும் வலது பாதம்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. போதும். போயிடுறோம்.

— அது என் வேலை இல்லை பாப்பா. என் வேலை இந்தக் கயிறு. கயிறுக்கு அந்தப் பக்கம் இருக்கிறதைப் பத்தி எழுதணும்னா மேலே டைரக்டர் இருக்கார். அவர் செவ்வாய்க்கிழமைதான் வருவார். வந்தாலும் பார்க்க மாட்டார்.

— எனக்கு நாளைக்குக் காலையில வேணும்.

— அப்ப சித்தப்பா சொல்ற மாதிரி எழுதிக் கொடுத்துட்டுப் போயிடு. ஒரு காகிதம்தானே. ரெண்டு வரி. நாளைக்கு மறந்துடுவாங்க, நீயும் மறந்துடுவே.

— நான் மறக்க மாட்டேன்.

— மறந்துதான் ஆகணும்.

— நீங்க மறந்திருக்கீங்களா?

— அப்பா! தம்பி, உண்மையிலேயே வக்கீல்தான் இவ.

— சொன்னேன்ல. வீட்டுல இவகிட்ட எங்க அண்ணன் நாலு வருஷமா ஒரு கேஸ்லகூட ஜெயிச்சதில்லை.

— சித்தப்பா, இங்க வாங்க. கயிறு பக்கத்துல. ஷூவைக் கழட்டுங்க.

— எதுக்கு?

— ஆதாரம்.

— சாக்ஸ்ல ஓட்டை இருக்குடி.

— ஓட்டை இருந்தா இன்னும் நல்லது, விரல் தெரியும். ரெண்டையும் கழட்டுங்க. டைனோசர் எந்தப் பக்கம் பார்த்து நிக்குதோ அந்தப் பக்கம் பார்த்து நில்லுங்க. நேரா. வளையாம.

— ஆறரைக் கோடி வருஷம் நிக்கிறவர் பக்கத்துல என்னை நிக்க வெச்சு நேரா நில்லுன்னா எப்படி? சரி, நின்னாச்சு.

— உங்க கட்டை விரல் எங்க இருக்கு?

— அங்கேயேதான் இருக்கு. சாக்ஸ் ஓட்டையில.

— எந்தப் பக்கம்? உள்பக்கமா, வெளிப்பக்கமா?

— உள்பக்கம்.

— ரெண்டு கால்லயும்?

— ரெண்டு கால்லயும். ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டு இருக்கு.

— இப்ப டைனோசரோட வலது காலைப் பாருங்க. முன்னாடி மூணு பெரிய விரல். பின்னாடி தரையைத் தொடாம ஒரு குட்டி விரல் தொங்குது. அது எந்தப் பக்கம்?

— இரு, குனிஞ்சு பார்க்கிறேன். உள்பக்கம்.

— இடது கால்ல?

— இடது கால்ல... அட.

— சொல்லுங்க சித்தப்பா. சத்தமா.

— வெளிப்பக்கம். அடிப்பாவி, வெளிப்பக்கம்தான் இருக்கு! சார், இங்க வாங்களேன். ரெண்டு வலது கால் செருப்பைப் போட்டுக்கிட்டு நிக்கிற மாதிரியே நிக்கிறார் பெரியவர்.

— தம்பி, நீங்களுமா? சின்னப் பிள்ளை சொல்லுதுன்னா நீங்களும் குனிஞ்சு பார்ப்பீங்களா? ஷூவை மாட்டுங்க முதல்ல. அப்புறம், அது குட்டி விரல் இல்லை, முதல் விரல். நகத்தோட சேர்த்து ரெண்டே எலும்பு. நடு விரலுக்குத்தான் நாலு. பேரைச் சரியாச் சொல்லணும்.

— அப்ப அந்த முதல் விரல் எந்தப் பக்கம் இருக்கணும் அங்கிள்?

— மணி நாலரை ஆகப் போகுது. கூடம் மூடுற நேரம்.

— அஞ்சு மணிக்குத்தான் மூடுவீங்க. வாசல்ல போட்டிருக்கு. அப்புறம் இன்னொண்ணு. அந்த இடது பாதம் மட்டும் நிறம் வேற மாதிரி இருக்கு. மத்த எலும்பெல்லாம் கருப்பா, கல்லு மாதிரி. இது மட்டும் கொஞ்சம் பழுப்பா, அங்கங்க திட்டுத் திட்டா.

— டீத்தண்ணியில ஊறினா அப்படித்தான் இருக்கும்.

— டீத்தண்ணியா?

— வெயில்... ஜன்னல் வெயில்பட்டா அப்படி ஆகும்னு சொன்னேன்.

— இல்லை சார். டீத்தண்ணின்னுதான் சொன்னீங்க. எனக்கு டீன்னா காது தன்னால நிமிரும். என் தனிப்பட்ட கருத்து என்னன்னா, நாற்காலியில உட்கார்ந்து விசில் அடிக்கிறவருக்கு நடு விரல்ல நாலு எலும்புன்னு தெரிய வேண்டிய அவசியம் இல்லை. நானும் மூணு வருஷமா வகுப்புல உட்கார்ந்திருக்கேன், என் விரல்ல எத்தனை எலும்புன்னு எனக்கே தெரியாது.

— தம்பி, கிளம்புங்க. பிள்ளைங்களைக் கூட்டிட்டுக் கிளம்புங்க. நான் மரியாதையாச் சொல்றேன்.

— நான் வர மாட்டேன்.

— ஏய், எந்திரி. தரையில உட்காராதே. அண்ணி என்னைக் கொன்னுடுவாங்க.

— எந்திரிக்க மாட்டேன். 'ஆமா'ன்னு எழுதிக் கொடுங்க, இல்லைன்னா 'இல்லை'ன்னு எழுதிக் கொடுங்க. ரெண்டும் எழுத மாட்டேன்னா அது என்ன நியாயம்? தெரியாதுன்னா தெரியாதுன்னாவது எழுதுங்க. ஆனா உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே பல்லை எண்ணு, பல்லை எண்ணுன்னு சொல்றீங்க.

— கயிறை விடு பாப்பா. அப்படிப் பிடிக்காதே.

— எப்படி?

— அப்படி... ரெண்டு கையாலயும் முறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, மேலே பார்த்து முறைச்சுக்கிட்டு. ஒண்ணுமில்லை. விடு.

— விட மாட்டேன்.

— சார், இவளைத் தூக்கிட்டுப் போகலாம், அது பெரிய விஷயம் இல்லை. போன வருஷம் பல் டாக்டர்கிட்டேருந்து அப்படித்தான் தூக்கிட்டு வந்தேன், தோள்ல கடிச்சா. ஆனா இப்ப எனக்கே தூக்க மனசு வரலை. காலையில வரைக்கும் இவ அடம்பிடிக்கிறான்னு நினைச்சேன். இப்ப என் கண்ணாலயே பார்த்துட்டேன். இனி நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு 'பொய் எழுதினேன்னு எழுது'ன்னு சொல்றது? இதைக் கொஞ்சம் பாருங்க. அந்த சைபர் பேப்பர். ஒரு ஒம்போது வயசுப் பிள்ளை பேப்பர்ல எழுதற எழுத்தா இது? சிவப்பு மையில எப்படி அழுத்தியிருக்காங்கன்னா, மறுபக்கம் தடவினா கையில தட்டுது.

— எனக்கு எதுக்கு அது?

— சும்மா பாருங்க. நான் படிக்கிறேன். 'அருங்காட்சியகம் தவறு செய்யாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்.' கீழே சைபர். சைபருக்குள்ள ஒரு புள்ளி வேற.

— என்ன எழுதியிருக்கு?

— கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்.

— குடுங்க அதை.

— இந்தாங்க.

— அங்கிள்? என்ன அங்கிள், அப்படியே நின்னுட்டீங்க?

— ஒண்ணுமில்லை. கண்ணாடியைத் துடைக்கிறேன். தூசி.

— பத்தொம்போது, இருபது, இருபத்தி... அக்கா, இந்தத் தாத்தா ஏன் கண்ணாடியைப் போட்டுக்கிட்டே துடைக்கிறார்?

— சும்மா இருடி. அங்கிள், நீங்க உட்காருங்க. உங்க நாற்காலியில.

— பாப்பா, இதை எழுதின உங்க மிஸ்... எப்படிப்பட்டவங்க? கோவக்காரங்களா?

— இல்லை. நல்லவங்கதான். எல்லாப் பாடமும் நல்லா நடத்துவாங்க. வண்டு பிடிச்சுட்டு வந்து காட்டுவாங்க. டைனோசர் பத்திக் கேட்டா மட்டும் பிடிக்காது. உதட்டைக் கடிச்சுக்கிட்டு ஜன்னலைப் பார்ப்பாங்க.

— உதட்டைக் கடிப்பாங்களா?

— இந்தப் பக்கம். இப்படி.

— சரி. முதல் விரல் உள்பக்கம்தான் இருக்கணும். ரெண்டு பாதத்துலயும். நீ சொன்னதுதான் சரி.

— சித்தப்பா! கேட்டீங்களா!

— கேட்டேன். சார், மெதுவா. தண்ணி ஏதாவது குடிக்கிறீங்களா?

— வேண்டாம் தம்பி. சொல்லிடுறேன், விட்டா மறுபடி வாயை மூடிக்குவேன். நான் காவலாளியா இங்க வரலை. பின்கட்டுல பட்டறை ஒண்ணு இருந்துச்சு. எலும்புக்கு அச்சு எடுக்கிறது, பிளாஸ்டர் ஊத்தி வார்க்கிறது, ஒட்டுறது, சாயம் ஏத்துறது. அதுக்கு நான்தான் ஆள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி, இந்தக் கூடம் திறக்கிறதுக்கு மூணு நாள் இருக்கு. மழைக்குக் கூரை ஊறி ஒரு பாளம் பேந்து விழுந்துச்சு. நேரா இடது பாதத்து மேல. ஆறரைக் கோடி வருஷம் மண்ணுக்குள்ள ஒண்ணும் ஆகாம கிடந்தது, எங்க கூரைக்குக் கீழ வந்து நாலே மாசத்துல நொறுங்கிடுச்சு.

— அப்புறம்?

— என்கிட்ட வலது பாதத்துக்கு மட்டும்தான் ரப்பர் அச்சு இருந்துச்சு. பத்து நாள் குடுங்க, இடது பாதத்தைக் கையாலயே செஞ்சு தர்றேன்னேன். அப்ப இருந்த டைரக்டர், 'யாருய்யா பாதத்தைப் பார்க்கப் போறான்? எல்லாரும் பல்லைத்தான் பார்ப்பாங்க. இருக்கிற அச்சுல இன்னொண்ணு ஊத்து'ன்னார். ஊத்தினேன். டீத்தூளைக் கொதிக்க வெச்சு நிறம் ஏத்தினேன். திறப்பு விழா நடந்துச்சு. எல்லாரும் பல்லைத்தான் பார்த்தாங்க.

— நீங்க சொல்லலையா?

— விழா முடிஞ்சதும் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். இடது பாதம் தப்பு, மாத்த அனுமதி குடுங்கன்னு. நிறுவனத்துக்கு இழுக்கு உண்டாக்கினேன்னு பதில் வந்துச்சு. 'குறிப்பில் கண்டது உண்மையல்ல'ன்னு எழுதி மன்னிப்புக் கேளு, இல்லைன்னா வேலையை விட்டுப் போன்னாங்க.

— நீங்க எழுதினீங்களா?

— வீட்டுல ஒரு பொண்ணு. அம்மா இல்லாத பொண்ணு. இப்ப அவ என்கிட்ட பேசுறதே இல்லை, அது வேற. எழுதினேன் பாப்பா. ரெண்டே வரி. நான் சொன்னேன்ல, நாளைக்கு மறந்துடும்னு. பட்டறையைப் பூட்டிட்டு இந்த நாற்காலியையும் விசிலையும் குடுத்தாங்க. தினமும் காலையில எட்டரைக்கு வந்து, நேர் எதிர்ல உட்கார்ந்து, அந்தப் பாதத்தையே பார்க்கிறேன்.

— சார், நான் பதினாலு எழுதியிருக்கேன்னு பெருமை பேசினதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

— நீங்க ஜாலியா எழுதுறீங்க தம்பி. பரவாயில்லை. நான் பயந்து எழுதினேன். எழுதினதோட விடாம அதையே மத்தவங்களுக்கும் சொல்ல ஆரம்பிச்சுட்டேன். பாப்பா, அந்தக் கடிதத்துக்குன்னு பேப்பர் கொண்டுவந்திருக்கியா?

— இருக்கு. மேலே 'மன்னிப்புக் கடிதம்'னு மிஸ்ஸே தலைப்புப் போட்டுக் குடுத்துட்டாங்க. கீழே காலியா இருக்கு. ஆனா நான் எழுத மாட்டேன் அங்கிள், முன்னாடியே சொல்லிட்டேன்.

— நீ எழுத வேண்டாம். குடு இங்க. அந்த வருகைப் பதிவேட்டுல நூல் கட்டித் தொங்குதே பேனா, அதை எடு.

— நீங்க எழுதப் போறீங்களா?

— தலைப்பு சரியாத்தானே இருக்கு. ஆளைத்தான் மாத்தணும்.

— சார், ஒரு நிமிஷம். ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்குன்னீங்க. இது மேலே போனா சும்மா விடுவாங்களா?

— விட மாட்டாங்க. போகட்டும். அதுக்கு மேல என்ன செஞ்சிடுவாங்க? நாற்காலியை எடுத்துக்கிட்டா நின்னுக்கிட்டே இருப்பேன். விசிலை மட்டும் குடுக்க மாட்டேன், அது என் சொந்தம். இவளைப் பாருங்க, நாளைக்கு இருநூறு பேர் முன்னாடி நிக்கத் தயாரா இருக்கா. நான் ஒரு காகிதத்துக்கு முன்னாடி நிக்கக் கூடாதா?

— வக்கீலம்மா, கேன்டீன் மூடினாலும் பரவாயில்லை. இதைப் பார்த்துட்டுத்தான் கிளம்புறோம்.

— சித்தப்பா, சும்மா இருங்க, அவர் எழுதுறார். பேனா நூல் எட்டலை, அந்தப் பதிவேட்டைக் கிட்ட நகர்த்துங்க.

— நகர்த்திட்டேன். அட, சார், எழுத்து என்ன இவ்வளவு அழகா இருக்கு?

— எலும்புக்கெல்லாம் நம்பர் எழுதின கை தம்பி. கடுகு அளவுல எழுதணும். பழக்கம் விடலை. ஆச்சு. படி பாப்பா.

— 'மன்னிப்புக் கடிதம். இக்கூடத்தில் உள்ள டைனோசரின் இடது பாதம் உண்மையில் வலது பாதமே. அதை வார்த்தவன் நான். தவறு என்று தெரிந்தே வார்த்தேன். தவறு இல்லை என்று எழுதியும் கொடுத்தேன். நான்காம் வகுப்பு மாணவி எழுதியது அனைத்தும் சரி, படமும் சரி. சந்தேகம் உள்ளவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்க்கலாம். காட்சிக்கூடக் காவலர், முன்னாள் அச்சு வார்ப்பாளர்.' அங்கிள், 'முன்னாள்'ங்கிறதை அடிச்சுடுங்க.

— இருக்கட்டும்.

— அடிச்சுடுங்க. உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே.

— சரி, அடிச்சாச்சு. முத்திரை வேணும்ல? முத்திரை இல்லாம நம்ப மாட்டாங்க. மேஜை டிராயர்ல ஒண்ணு இருக்கு, அது ஒண்ணுதான் எனக்குக் குடுத்திருக்காங்க. சாமான் வெளியே போகும்போது குத்துறது.

— காட்டுங்க. 'வெளியே கொண்டுசெல்ல அனுமதிக்கப்பட்டது.' சார், இதைவிடப் பொருத்தமான முத்திரையை அரசாங்கமே நினைச்சாலும் செஞ்சிருக்க முடியாது. நல்லா அழுத்திக் குத்துங்க.

— அம்பத்தெட்டு, அம்பத்தொம்போது, அறுபது! அக்கா, அறுபது! சரியா இருக்கு! எல்லாப் பல்லும் இருக்கு!

— பல் எப்பவுமே சரியாத்தான்டி இருக்கும். இங்க வா, செருப்பைப் போடு. அது இல்லை, மாத்திப் போட்டிருக்கே. காலைப் பாரு, காலைப் பாரு.

— ஆக, நாளைக்குக் காலையில பிரேயர்ல நீ மன்னிப்புக் கடிதம் படிக்கப் போறே. மிஸ் கேட்டதும் அதைத்தான். யாரோட மன்னிப்புன்னு அவங்க சொல்லவே இல்லை. அண்ணிகிட்டயும் 'கடிதம் தயார்'னு நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். பதினஞ்சாவது கடிதம், என் வாழ்க்கையிலேயே இதுதான் நல்லா வந்திருக்கு, ஒரு வார்த்தைகூட நான் எழுதலை.

— சித்தப்பா, இருங்க. அங்கிள், இதுல ஒரு தப்பு இருக்கு.

— இன்னுமா? எங்க?

— மேலே 'பெறுநர்'னு போட்டு ரெண்டு வரி எழுதியிருக்கீங்க. முதல் வரியில நான். சரி. ரெண்டாவது வரியில 'அறிவியல் ஆசிரியை'ன்னு இருக்கு. மிஸ்தானே எனக்கு சைபர் போட்டாங்க? மிஸ்கிட்ட நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?

— அது தப்பு இல்லை பாப்பா. உன் வயசு இருக்கும் அப்ப அவளுக்கு. இதே இடத்துல, கயிறை இதே மாதிரி ரெண்டு கையாலயும் முறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, 'அப்பா, ரெண்டும் வலது பாதம்'னா. 'கண்ணைத் துடைச்சுக்கிட்டு மறுபடி பாருடி'ன்னு சொன்னவன் நான்தான்.